ஏழு கோடு போட்ட பாட்டில்

கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் ஒயின் கொடுக்கிறவருக்கு ஊற்றுவதுதான் வேலை என்று கரையில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊற்றுவது பெரிய வித்தையா என்ன? மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஒரு பாட்டிலைத் திறந்து ஒரே வேளையில் முடிப்பவர்கள் பாதிப் பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பாட்டிலை அடைத்து, கழுத்தில் அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, அலமாரியில் அடுக்கிப் பூட்ட வேண்டும். மறுநாள் சாயங்காலம் அதே ஆள் அதே மேஜைக்கு வருவதற்கு முன்னால் அதே பாட்டில் அங்கே நிற்க வேண்டும்.

இந்தக் கப்பலின் ஒயின்காரர் பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறார். ஒரு பாட்டில் மாறியதில்லை, ஒரு சொட்டு குறைந்ததில்லை. அந்த விஷயத்தில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தலைக்கனத்துக்கு அவர் தகுதியானவர்தான்.

இந்தப் பயணத்தில் ஜன்னலோரத்து இரண்டு பேர் மேஜைக்கு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அறை நானூற்றுப் பன்னிரண்டு. கணவர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வேண்டாம் வேண்டாம் என்றவர்களை வலுக்கட்டாயமாக ஏற்றி அனுப்பியிருக்கிறாள். முதல் நாள் சாயங்காலம் அவர் ஒயின் அட்டையைக் கணக்குப் பரீட்சை எழுதுகிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் தொட்டதில்ல தம்பி," என்றார் ஒயின்காரரிடம். "டூட்டிக்கு ஏறும்போது வாயை ஊதச் சொல்லி மிஷின்ல பாப்பாங்க. அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகல."

"இப்ப மட்டும் என்ன தைரியமாம்?" என்றார் அவர் மனைவி டிரைவரம்மா.

"இந்த வண்டியை நான் ஓட்டலையே."

மூவரும் சிரித்தார்கள். ஒயின்காரர் ஒரு சிவப்பு ஒயினைச் சொல்லி, திறந்து, டிரைவரின் கிளாஸில் ஒரு வாய் மட்டும் ஊற்றிவிட்டு நிறுத்தினார். இவ்வளவுதானா என்று டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் பாட்டில் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் சார் முதல் வாய். குடிச்சுப் பாத்து சரியா இருக்குன்னு சொன்னாத்தான் மத்தவங்களுக்கு ஊத்துவோம். சரியா இல்லேன்னா தயங்காம சொல்லணும்."

"பிரேக் டெஸ்ட்," என்றார் டிரைவர் மனைவியிடம், விஷயம் பிடிபட்ட சந்தோஷத்தில். "வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிடிச்சுப் பாத்துக்கறது." குடித்தார், முகத்தைச் சுளித்தார். "சரியாத்தான் இருக்கும்னு நினைக்கறேன்."

ஒரு பாட்டில் ஏழு நாளைக்கு வர வேண்டும், தினம் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு அரை கிளாஸ் என்று அவரே தீர்மானித்துவிட்டார். திறந்த நாலாம் நாளே புளிப்பு ஏறிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று ஒயின்காரர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? ஒரு நீளமான காகிதத் துண்டு வேண்டும் என்றார் டிரைவர். அதைப் பாட்டிலின் உடம்பில் கழுத்திலிருந்து அடிவரை ஒட்டச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சமமாக அளந்து ஏழு கோடு போட்டார். ஏழு ஸ்டேஷன். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் மணி பார்த்து 7.50 என்று எழுதினார்.

இப்படியே மூன்று சாயங்காலம் போயின. தினமும் ஊற்றி முடித்ததும் பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்து, ஒயின் கோட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, மணியை எழுதுவார். தினமும் டிரைவரம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, நேற்றைவிட இன்று மோசம் என்பார். இரண்டாம் நாள் டிரைவர், நெடுந்தூர வண்டிகளுக்குப் பாதி வழியில் இன்ஜின் மாற்றுவதைப் பற்றிச் சொன்னார். பெட்டி அதேதான், பாதை அதேதான், தூங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான் தெரியும். ஆனால் இன்ஜின் மாறினால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று புத்தகத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு வண்டியைக்கூட பாதியில விட்டுட்டு வந்ததில்ல," என்று டிரைவரம்மா சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

நாலாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து வழக்கமான தாள் வந்தது. யார் அறை மாறினார்கள், யார் இறங்கினார்கள் என்ற தாள். இறங்கிப் போனவர்களின் மிச்சப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. ஒயின்காரர் ஒரு கையில் தாளும் ஒரு கையில் பாட்டிலுமாக மடமடவென்று வேலையை முடித்தார். நானூற்றுப் பன்னிரண்டு, பாட்டில் டிரைவரின் பெயரில், பயணி இறங்கினார் என்று இருந்தது. கண் கழுத்துச் சீட்டின் எண்ணைப் பார்த்தது, கை கவிழ்த்தது. கோடு போட்ட காகிதம் உள்ளங்கைக்குள் மறைந்திருந்தது. காலிப் பாட்டிலைக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அட மனுஷா, கப்பல் நடுக்கடலில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது? அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நடுக்கடலில் ஒருவர் எங்கே இறங்குவார்? அந்த யோசனை அவருக்கு வரவே இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் யோசிக்க விடவில்லை.

ஆறு மணிக்கு மண்டப மேலாளர் வந்து அவரைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"நானூத்திப் பன்னெண்டுல அந்த டிரைவர் மத்தியானம் போயிட்டார். படிக்கட்டு ஏறும்போது நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கார். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. கீழே குளிர் அறையில வச்சிருக்கு, துறைமுகம் போய்ச் சேர்ற வரைக்கும் அங்கதான். மத்த பயணிகளுக்குத் தெரிய வேண்டாம்னு கேப்டன் உத்தரவு."

தாளில் 'இறங்கினார்' என்று போட்டதன் அர்த்தம் ஒயின்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. "அந்தம்மா?" என்றார்.

"சாப்பாட்டை அறைக்கே அனுப்பறோம்னு சொன்னேன். கேக்கல, மேஜைக்கே வர்றாங்களாம். ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. எங்க பாட்டில் பத்திரமா இருக்குல்லன்னு. அவர் பாதியில விட்டதை முடிச்சுக் கொடுக்கணுமாம். இருக்கு, எங்க ஆள் கண்ணு மாதிரி வச்சிருக்கார்னு சொல்லிட்டேன்."

கொட்டிவிட்டேன் என்று மேலாளரிடம் சொல்லலாம். சொல்லவில்லை. ஒயின்காரர் கழிவுக் கூடத்துக்கு ஓடினார். கண்ணாடியை நொறுக்கும் மிஷினை இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் ஓட்டுவார்கள். தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். மேலே கிடந்த இரண்டு ஈரப் பாட்டில்களுக்கு அடியில் அது முழுசாகக் கிடந்தது. காகிதத்தின் ஒரு ஓரம் நனைந்திருந்தது. ஏழு கோடும் இருந்தன, மூன்று மணிக்குறிப்பும் டிரைவரின் கையெழுத்தில் அப்படியே இருந்தன.

திறந்த பாட்டிலில் வேறு ஒயினை நிரப்பக் கூடாது. ஒயின் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, கண்டுபிடித்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். நிரப்பியவர்களைப் பற்றி அவரே பல முறை காறித் துப்பாத குறையாகப் பேசியிருக்கிறார். அந்த மனிதர்தான் இப்போது விலையைத் தன் கணக்கில் எழுதி, அதே ஒயினில் புதுப் பாட்டில் ஒன்றை எடுத்து, பொருள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, புனல் வைத்து மூன்றாவது கோடு வரை ஊற்றினார். ஒரு சொட்டுகூட மேலே போகாமல் ஊற்றினார், அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தைச் சொல்லுங்கள்.

ஏழரைக்கு டிரைவரம்மா வந்தார். நேற்றுக் கட்டிய அதே புடவை. நேராக நடந்து வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்தார். மேஜையில் இரண்டு கிளாஸ் இருந்தன. ஒன்றை எடுத்துவிடலாமா என்று ஒயின்காரர் பத்து தடவை யோசித்து, எடுக்காமல் விட்டிருந்தார்.

"நாலாவது ஸ்டேஷன்," என்றார் டிரைவரம்மா.

"ஆமாம்மா."

ஒயின்காரர் அடைப்பைக் கழற்றினார். ஊற்றுவதற்குள் டிரைவரம்மா கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, தினமும் செய்வது போல வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார். வெகு நேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு காகிதத்தின் ஈர ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த மேஜையில் யாரோ பிறந்தநாளுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல முதல் வாய் யாருக்குத் தம்பி?"

"உங்களுக்குத்தாம்மா."

"யார் பாட்டில் சொல்றாங்களோ அவங்களுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க." அவரே டிரைவரின் கிளாஸில் ஒரு வாய் ஊற்றி, அதை மேஜை விளிம்புக்கு நகர்த்தினார். "இந்தப் பாட்டிலைச் சொன்னது நீங்க. குடிச்சுப் பாருங்க."

மண்டபத்தில் வேலையாள் ஒரு வாய் குடித்தாலும் வேலை போகும். வாசலில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். ஒயின்காரர் கிளாஸை எடுத்தார், குடித்தார். மேலாளர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டு அட்டைகளை அடுக்கப் போனார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"அதான் தப்பு," என்றார் டிரைவரம்மா. "நாலாம் நாள் நல்லா இருக்கக் கூடாதே."

அதற்கு மேல் ஒயின்காரரால் தாங்க முடியவில்லை. நின்றபடியே, கையில் நாப்கினோடு, எல்லாவற்றையும் சொன்னார். தாள் வந்ததை, இறங்கினார் என்று எழுதியிருந்ததை, படித்தும் யோசிக்காமல் கவிழ்த்ததை, கழிவுத் தொட்டியில் துழாவியதை, புனலை. ஒன்றையும் மென்று விழுங்கவில்லை. சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஒயின் ஊற்றுகிற ஆள் மேஜையருகே நின்று அழுவதை எதிர் மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரைவரம்மாவின் முகத்தில் கோபம் வந்தது, நியாயமான கோபம். அது போகவும் நேரம் எடுத்தது.

"கொட்டாம இருந்திருக்கலாம்," என்றார் கடைசியில்.

"இருந்திருக்கலாம்மா."

"அவர் வாங்கினதுல மிச்சம் இருந்தது அது ஒன்னுதான்."

"தெரியும்மா."

"இறங்கினார்னா எழுதியிருந்தாங்க?"

"ஆமாம்மா."

"ஒரு நாளும் பாதியில இறங்காதவர்." அவருடைய குரல் அங்கே உடைந்தது. தலையைக் குனிந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். ஒயின்காரர் நகராமல் நின்றார். மற்ற மேஜைகளில் கிளாஸ்கள் காலியாக இருந்தன. பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் அதைக் கவனிக்கவில்லை.

வெகு நேரம் கழித்து டிரைவரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைப்பையைத் திறந்து, அந்தப் பென்சிலை எடுத்தார்.

"மணி என்ன?"

"எட்டுப் பத்தும்மா."

பாட்டிலை மடியில் சாய்த்துவைத்து நாலாவது கோட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக எழுதினார். டிரைவரைப் போல அவருக்கு எழுத்து சுலபமாக வரவில்லை. எழுதி முடித்துப் பாட்டிலை நிமிர்த்தி வைத்தார்.

"ஊத்துங்க தம்பி. லேட் ஆகுது."

ஒயின்காரர் இரண்டு கிளாஸிலும் ஊற்றினார். விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒயின் கோட்டுக்குச் சரியாக இறங்கியிருந்தது. டிரைவரம்மா தன் கிளாஸைக் குடித்தார். பிறகு எதிரே இருந்ததையும் எடுத்துக் குடித்தார். தட்டில் இருந்ததைத் தொடாமல் எழுந்து, அவரைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டுப் போனார்.

மண்டபம் காலியானதும் ஒயின்காரர் எல்லாப் பாட்டில்களையும் அடைத்து அலமாரிக்கு எடுத்துப் போனார். நானூற்றுப் பன்னிரண்டுக்குப் புதுச் சீட்டு எழுதிக் கட்டும்போதுதான் காகிதத்தைப் படித்தார். மேலே டிரைவரின் மூன்று மணிக்குறிப்புகள் அச்சடித்தது போல இருந்தன. நாலாவதில், கோணல்மாணலான எழுத்தில், 8.10 என்றும் அதற்குப் பக்கத்தில் 'இன்ஜின் மாற்றம்' என்றும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் டிரைவரம்மா வருவதற்கு முன்னாலேயே அந்தப் பாட்டில் மேஜையில் நின்றது. பக்கத்தில் இரண்டு கிளாஸ் இருந்தன.