ஏழு மணி வெயில்

நர்ஸ் ஒரு மாஸ்க்கை நீட்டி, "உள்ள போறதுன்னா இத்தப் போட்டுகினு போங்கக்கா" என்றாள். ரஞ்சனி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் புருஷன் வசந்தகுமாரை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு இதே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறாள். அவனைப் பார்க்க முகத்தை மூட வேண்டும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்டில் ஃப்ளூ என்று வந்திருக்கிறது. நுரையீரல் வரைக்கும் போய்விட்டதாம்.

போன மாதம் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கே. வெயிலே படறதில்லையா இவர்?" என்று கேட்டார். மாத்திரை எழுதிக்கொண்டே மேலும் ஏதோ விளக்கினார். ரஞ்சனியின் காது அங்கே இல்லை. செகண்ட் ஷிப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஒன்றரைக்கு வந்துவிடும். அதை விட்டால் அசெம்பிளி லைனில் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள். மாத்திரையை ஒரு வேளை தவறாமல் கொடுத்தாள். ஆனால் அவள் மனதில் குடியேறியது வெயில்தான்.

பென்னலூரில் அவர்கள் வீட்டுக்குள் வெயில் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு யாரையும் நொந்துகொள்ள முடியாது. கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் இரண்டு மாடி எழுப்பியது வசந்தகுமாரேதான். அப்போது ஷிப்ட் முடிந்து வந்து அவனே செங்கல் சுமப்பான். இப்போது நாலு படி ஏறினால் எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி இருக்கிறது என்கிறான், மொட்டை மாடிக்கு எப்படிப் போவது? தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கிற இடம்தான் மிச்சம். காலை ஏழு மணிக்கு அங்கே தடுப்பே இல்லாமல் வெயில் விழும்.

பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையிலும் அவனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தினமும் போனாள். ஏழு மணி என்றால் ஷிப்ட் மாறுகிற நேரம். இறங்குகிறவர்களும் ஏறப்போகிறவர்களுமாக நூறு பேர் நிற்பார்கள். இருமுவார்கள், தும்முவார்கள். லீவு கேட்டால் சூப்பர்வைசர் வள்ளென்று விழுவார் என்று காய்ச்சலோடு கிளம்பி வந்தவர்களும் அதில் உண்டு. அவளும் அப்படிப் போனவள்தான். பழைய சிநேகிதர்கள் தோளில் கை போட்டுப் பேசப் பேச, வசந்தகுமார் முகத்தில் சிரிப்பு திரும்பியது. வெயில் வேலை செய்கிறது என்று பைத்தியக்காரி மாதிரி நம்பினாள்.

இன்றைக்கு டாக்டர் அவளை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்.

"வெயில் மட்டும் பட்டாப் போதாதும்மா. அந்தச் சத்த உடம்புக்கு உதவுற மாதிரி மாத்தித் தர்றது கிட்னிதான். இவருக்கு அதுதானே போயிடுச்சு? அன்னிக்கே சொன்னேனே. அந்தச் சத்தும் இல்ல, எதிர்ப்பு சக்தியும் இல்ல. நமக்கு மூணு நாள் படுத்து எழுந்திரிக்கிற ஃப்ளூ, இவர் உடம்பு தாங்காது. கூட்டத்துக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்ல சார்."

பொய் தானாக வந்தது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"பொழச்சிக்குவாரா சார்?"

"ரெண்டு நாள் போகட்டும், பாப்போம்." அவர் கண் அவளைப் பார்க்கவில்லை.

உள்ளே ஆக்சிஜன் மாஸ்க்குக்குக் கீழே அவன் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அவளைக் கண்டதும் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினான்.

"ரஞ்சி... இன்னாடி ரூம் இது, வெயிலே வரல."

"பேசாத, மூடிக்கோ."

"நாளிக்கி பஸ் ஸ்டாப்புக்கு இட்டுகினு போயிடு. அங்க குந்திகினு இருந்தா எல்லாம் சரியாப் பூடும்."

காய்ச்சல் ஒட்டியதே அங்கேதான் என்பதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். முடியவில்லை. அவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் அவள் கொடுத்ததுதான்.

"சரி, போலாம்" என்றாள்.

ஜன்னல் திரை ஓரமாக ஒரு சாண் வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டான் போல. போர்வைக்குள் அவனுடைய வீங்கிய பாதம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து, எட்டாமல் நின்றது. ரஞ்சனி போர்வையை விலக்கி, இரண்டு கையாலும் பாதத்தைத் தூக்கி, வெயிலில் வைத்தாள்.