சம்பந்தியும் சாரும்

"சம்பந்தி" என்று தொடங்கிய பேச்சு பத்தே நிமிடத்தில் "சார்" என்று மாறியதும், இந்தத் தடவையும் தேதி குறித்தபாடில்லை என்று கல்யாணப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. போன இரண்டு முறையும் இப்படித்தான். கல்யாணத் தேதி குறிக்க உட்கார்ந்த இரண்டு அப்பாக்களும், நாட்டின் வரவும் செலவும் சமமானது யாருடைய ஆட்சியால் என்று சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

"விதை போட்டது எங்க ஆட்சி சார். உங்காளுங்க சும்மா வந்து அறுத்துட்டுப் போறாங்க," என்றார் அவள் அப்பா, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.

"விதையா? கஜானாவைத் துடைச்சு வச்சுட்டுப் போனீங்க. துடைச்ச துணிக்கும் கடன்!"

மாப்பிள்ளையின் அப்பா, முன்னாள் தபால் அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி கழன்றால் அடுத்து கிளம்பக் குடையைத் தேடுவார் என்பது அவளுக்கு அத்துப்படி.

திங்கட்கிழமை மாப்பிள்ளை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறான். இன்று தேதி முடிவாகி லீவுக்கு எழுதிப் போடாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவனோ, பிஸ்கட் முறிந்து தேநீருக்குள் விழுந்தது கூடத் தெரியாமல் அவளையே பாவமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கும் நான்தானா என்று அவனை முறைத்தாள்.

"நிதித்துறையில வேலை பாக்குற பொண்ணு இங்கயே இருக்கே! நீயே சொல்லும்மா, யாரு சாதிச்சது?" என்று அவள் பக்கம் திரும்பினார் தபால் அதிகாரி.

"சொல்லு, பயப்படாதே," என்றார் அப்பா.

பகலெல்லாம் அதே கணக்கைச் சரிபார்த்துக் கண் பூத்துப்போய் வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதுவா? யாரைச் சொன்னாலும் ஒருவர் எழுந்துவிடுவார்.

"நீங்க ரெண்டு பேரும்தான்," என்றாள் எரிச்சலாக.

"என்னது?"

"உங்க பென்ஷன் உயர்வை நிறுத்தினது அப்பாவோட கட்சி. திருப்பித் தராம அப்படியே வச்சுக்கிட்டது மாமாவோட கட்சி. மிச்சமானதுல பெரிய தொகை அதுதான். பாராட்டு விழா வைக்கணும்னா உங்களுக்குத்தான் வைக்கணும்."



"தற்காலிகம்னுல்ல கடிதம் போட்டாங்க!" என்றார் அப்பா.

"ஜெயிச்சதும் முதல் வேலையா தர்றோம்னுல்ல மேடையில சொன்னாங்க!" தபால் அதிகாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டும் கூட்டுக் களவாணிங்க, சம்பந்தி!"

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், நாட்காட்டியை இருவருக்கும் நடுவே நகர்த்திப் பேனாவைத் திறந்தாள்.

"முதல்ல தேதியைச் சொல்லுங்க. அப்புறம் ஆற அமரத் திட்டுங்க."