கைபிரேக் போட்டிருந்த வண்டி

ஜீப் ஏற்றத்தின் பாதியில் நின்றதிலிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முன்னால் போய்ப் பாதையைப் பார்த்தாள். பின்னால் வந்து மேகத்தைப் பார்த்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் அண்ணன்கிட்டயே போய்ச் சேர்ந்திருக்கலாம் அண்ணி," என்றான் கொழுந்தன், சக்கரத்தருகே குனிந்தபடி. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். வாய் மட்டும் எப்போதும் ஓவர்டைம்.

"பேச்சைக் குறை. என்னாச்சு?"

"ஸ்பிரிங் பட்டையையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கிற யு-போல்ட் அறுந்துடுச்சு. அச்சு நகர்ந்து டயர் உரசுது. வேற போல்ட் இருக்கு. வண்டியைத் தூக்கிட்டு அடியில போகணும். அரை மணி ஆகும்."

"கால் மணியில முடி."

மேலே, சாலை போடுகிறவர்களின் கூடாரத்தில் அவள் கணவன் காலையிலிருந்து கிடந்தான். உருண்டு வந்த பாறை முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துவிட்டது. இறங்கி வந்த லாரியில் படுக்க இடமில்லாததால் செய்தி மட்டும் வந்தது. கால்விரல்கள் மரத்துக்கொண்டு வருவதாக லாரிக்காரர் சொன்னார். தெரிந்த நர்ஸிடம் போனில் கேட்டாள். "விரல்ல உணர்ச்சி சுத்தமா போயிட்டா காலுக்கே ஆபத்து. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க," என்றாள் நர்ஸ். இடையில் ஓர் ஓடை வேறு. மழை பெய்து அது பெருகினால் போகவும் முடியாது, வரவும் முடியாது.

மண் இளகியிருந்ததால் கொழுந்தன் பலகை போட்டு அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினான். "மத்த சக்கரத்துக்கெல்லாம் கல்லு வைக்கணும் அண்ணி. பெருசா நாலஞ்சு பார்த்து..."

"கைபிரேக் போட்டிருக்கேன்ல? இழுத்த இழுப்புல என் கையே கழண்டிருக்கும். நீ தூக்கு."

அவன் தயங்கினான். அண்ணனின் கால்விரல்களைப் பற்றிய கவலை அவனையும்தான் அரித்துக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பின் சமதரையில் கல் வைக்காமல் தூக்கித் தூக்கிக் கைக்கும் அது பழகிவிட்டது. தூக்கினான். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான்.

அவள் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. மெதுவாக, முன்பக்கமாகச் சுற்றியது. வண்டியோ பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"டேய்! வெளிய வாடா!"

அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். ஜாக்கி சாய்ந்தது. வண்டி தடாலென்று இறங்கி, பின்னால் உருண்டு, பாதையோர மண்மேட்டில் முட்டி நின்றது. அவன் தலை இருந்த இடத்தில் டயர்த் தடம் பதிந்திருந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"டேய்னு கூப்பிட்டீங்க," என்றான் அவன். "நீங்க வீட்டுக்கு வந்து ஒம்பது வருஷத்துல இதான் மொதல் தடவை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பிரேக் போட்டிருந்துச்சே!"

"இது பழைய வண்டி அண்ணி. கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பாக்ஸுக்குப் பின்னால சுத்துற தண்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல நின்னா அது ஒரு பக்கம் சுத்தும், தரையில இருக்கிறது இன்னொரு பக்கம் உருளும். வண்டி போயிட்டே இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் தூக்கினேன்."

அவள் கல் தேடப் போனாள். மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, தரையில் நிற்கப்போகும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் முட்டுக் கொடுத்தாள். அவன் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் கியரைப் போட்டான். இம்முறை வண்டி எழும்பியதும் ஸ்டெப்னி டயரைச் சட்டத்தின் அடியில் தள்ளினார்கள், ஜாக்கி சாய்ந்தாலும் அது தாங்கட்டும் என்று. பிறகு வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்தான். நகரவில்லை.

முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது.

"மழை வந்துடுச்சு அண்ணி."

"வரட்டும். அந்தக் கல்லு சின்னதா இருக்கு, இரு, மாத்திடறேன்."

அவன் அடியில் இருந்த நேரம் முழுக்க அவள் கண் சக்கரத்தைவிட்டு அகலவில்லை. 'சீக்கிரம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர் கொடுத்தாள், அவ்வளவுதான்.

போல்ட்டைப் பூட்டிக் கிளம்பி ஓடைக்கு வந்தபோது பாதி டயர் அளவுக்குத் தண்ணீர். அவள் கழியோடு இறங்கி ஆழம் பார்த்து முன்னால் நடக்க, அவன் முதல் கியரில் பின்னாலேயே வந்தான்.

கூடாரத்தில் கணவன் பலகைமேல் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்றான் பல்லைக் கடித்தபடி.

"அண்ணி ஓட்டுற ஓட்டு அப்படி," என்றான் தம்பி.

"இல்ல, நான் அவசரப்படுத்திட்டேன். அதான் லேட்டு," என்றாள் அவள்.

"அவசரப்படுத்தினா எப்படி லேட்டாகும்?"

அவள் குனிந்து அவன் கால் பெருவிரலைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. நகத்தால் அழுத்திக் கிள்ளினாள்.

"ஆ! ஏன்டி, உடைஞ்ச காலா பார்த்துக் கிள்ளுற?"

"இன்னொரு தடவை கத்துங்க," என்று மறுபடி கிள்ளினாள்.