செண்பகத்துக்குத் தினமும் ஆரத்தி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்று கிடைக்குமா என்று எழுதிப் பார்த்தேன். காடு, மக்கள், நியாயம் என்று பெரிய சொற்களாக வந்து விழுந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்காக நான் பேனாவை எடுக்கவில்லை.

எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள் செண்பகம். அவளுக்குப் புகுந்த ஊரில் தினமும் காலையில் ஆரத்தி எடுக்கிறார்கள் என்று அவள் அம்மா தங்கத்தாய் சொன்னாள். எனக்கு ஒரே ஒரு தடவைதான் எடுத்தார்கள். ஓட்டப்பிடாரத்திலிருந்து கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு, இந்த வீட்டுக்கு, வந்த அன்று. சிவப்புத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார்கள். நான் உள்ளே வந்தேன். அதற்குப் பிறகு இந்த வாசலை எவ்வளவோ முறை தாண்டியிருக்கிறேன். வீட்டில் யாரும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அதனால் பொறாமை. கேட்டு முடித்தபோது அது கோபமாக மாறியிருந்தது. இனி வருவதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

2

எப்படித் தொடங்குவது?

“மேற்கு மலையில், மேகம் இறங்கி வந்து உறங்கும்” (வேண்டாம். நான் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில் மேற்கே ஒரு நீலக் கோடு தெரியும். அதற்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம்.)

“காடு கடலைப் போல இரைந்தது.” (அடித்துவிட்டேன். உப்பளக் காற்றில் வாழ்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் கடல். செண்பகத்திடம் கேட்டேன். “இரையாதுக்கா. மொத நாளு எனக்குக் காதுதான் அடைச்சிருக்குன்னு நினைச்சேன்” என்றாள்.)

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஈத்தம்பாறை மலைமேல் இருக்கும் சின்ன ஊர். பனங்காட்டுப் பக்கம் மழை இல்லாமல் போன ஒரு காலத்தில் சில குடும்பங்கள் ஏறிப்போய் உண்டாக்கியது. மிளகு, கிழங்கு, மாடு, கொஞ்சம் தேன். தங்கத்தாய் அங்கே பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தாள். அவளுடைய அண்ணன் மகன் சொரிமுத்து அந்த ஊரில் இருக்கிறான். செண்பகத்துக்கு முறைப்பையன். சிறு வயதிலிருந்தே இன்னாருக்கு இன்னார் என்று பேசி வைத்தது. அவர்களுக்கும் பிடித்திருந்தது.

இதற்கு நடுவில் அந்தக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.*

ஒரு நாள் ஜீப்பில் வந்து ஊரில் இருந்த தலைகளை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்கள் அங்கேயே இருக்கலாம். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் இருக்கலாம். புதிதாக யாரும் வந்து குடியேறக் கூடாது. வெளியே குடிபோனவர்கள் திரும்பி வரக் கூடாது. விருந்தாளிகள் பகலில் வரலாம், பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். “யாரையும் நாங்கள் விரட்டவில்லை” என்று வந்த அதிகாரி சொன்னாராம். அன்பாகவே சொன்னாராம்.

இதில் உள்ள சூட்சுமம் எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். மருமகள் வர முடியாத ஊர் எத்தனை காலம் இருக்கும்? செண்பகத்துக்கு முன்பே இரண்டு பையன்கள் பெண் கிடைக்காமல் கீழே இறங்கிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுக் கூரைகள் இப்போது தரையில் கிடக்கின்றன. மூன்றாவதாக விழ இருப்பது சொரிமுத்துவின் வீடு.

* பூங்கா என்றால் எனக்குத் தெரிந்தது கடற்கரையில் இருப்பதுதான். ஊஞ்சல் இருக்கும், வேர்க்கடலை விற்பார்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். அங்கும் விளக்கு வைத்ததும் மணியடித்து எல்லாரையும் வெளியே அனுப்புவார்கள். ஆனால் அங்கே யாருக்கும் அடுப்பு இல்லை.

3

கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தது. மறுநாள் பெண்ணை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். தங்கத்தாய் மகள் கையில் பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்திருந்தாள். புகுந்த வீட்டில் பொழுது சாயும்போது புதுப்பெண் விளக்கேற்ற வேண்டும். அதற்காக.

பாதையின் குறுக்கே ஒரு நீளக் கம்பம். ஒரு முனையில் பாறாங்கல்லைக் கட்டியிருக்கிறார்கள். மறு முனையில் கயிறு. கயிற்றை விட்டால் கல் கீழே இறங்கும், கம்பம் மேலே எழும்பும். மூட வேண்டுமென்றால் ஆள் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற ஆள் மந்திரமூர்த்தி, காக்கி உடுப்பு, அடிவாரத்து ஊர்க்காரன்.

அவன் விதியைச் சொன்னான். தான் பிறந்த ஊர் அது என்று தங்கத்தாய் சொன்னாள். எண்ணின அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டான். வாக்கப்பட்ட வீட்டில் இருந்தேன் என்றாள். அப்படியானால் நீங்களும் விருந்தாளிதான் என்றான். செண்பகம் முன்னே வந்தாள்.

“நாளைக்கு எனக்கொரு பிள்ளை பொறந்தா அது உள்ள இருக்கலாமா அண்ணாச்சி?”

“இருக்கலாம் தங்கச்சி. ரூல்ல அப்படித்தான் இருக்கு.”

“அப்போ வயித்து வழியா வந்தா சரி. வாசல் வழியா வந்தாத்தான் தப்பு.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மந்திரமூர்த்தியும் சிரித்துவிட்டான், பிறகு உடுப்பு நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான்.

அன்று ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் செண்பகம் விளக்கோடு வெளியே வந்தாள். கம்பத்துக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அவளுடைய பெரியம்மா ஆறுமுகத்தாயின் வீடு இருக்கிறது. அங்கே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் போனபோது, சொரிமுத்துவின் அம்மா ஆரத்தித் தட்டோடு கம்பத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கூட ஊர்ப் பெண்கள். நேற்றுத்தானே எடுத்தீர்கள் என்று மந்திரமூர்த்தி கேட்டான்.

“நேத்து வந்தவ விருந்தாளின்னு நீதானலே சொன்ன. எம் மருமவ இன்னைக்குத்தான் வாரா.”

குலவைச் சத்தம் காடு முழுக்கக் கேட்டதாம். அதற்கு மறுநாளும் மருமகள் அன்றைக்குத்தான் வந்தாள். அதற்கும் மறுநாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். மஞ்சள் தீர்ந்தால் கீழிருந்து வாங்கி வரச் சொன்னார்கள். மேலதிகாரி வந்திருந்த ஒரு காலையில், அவருடைய ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு எடுத்தார்கள். சிவப்புத் தண்ணீர் ஊறி ஊறிக் கம்பத்தடி மண்ணே நிறம் மாறிவிட்டது.

4

(இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். இதில், முதல் நாள் மாலை செண்பகம் விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி இறங்கி வந்தாள். நன்றாகவே எழுதியிருந்தேன். எனக்கே கண் கலங்கியது.

ஐப்பசியில் அவள் அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே கேட்டாள். அந்த இடம் வந்ததும் மெல்வதை நிறுத்தினாள்.

“என்னைய என்னத்துக்குக்கா அழ வைக்கீய?”

அழவில்லையா என்று கேட்டேன்.

“பசி. மத்தியானம் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட விடாம ஆளாளுக்குப் பேசிக்கிட்டே இருந்தாவ. பெரியம்மை வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பை ஊத்தித் தின்னேன். அத எழுதுங்களேன்.”

எழுதிவிட்டேன். அழுதது யார் என்று இப்போது தெரிகிறது. ஓட்டப்பிடாரத்துப் பெண் ஒருத்தி, ஒரே ஒரு ஆரத்திக்குப் பின், இந்த வீட்டின் பின்கட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுததை எடுத்து அவள் முகத்தில் ஒட்டியிருக்கிறேன். செண்பகம் அதை உரித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.)

5

மந்திரமூர்த்தியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும். மீசையை முறுக்கிவிட்டேன். குடிக்க வைத்தேன். ஒரு வரைவில் செண்பகத்தின் கையைப் பிடித்து இழுக்கக்கூட வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. ஏனென்றால் அவன் முதல் நாளே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுத் தொலைத்தான்.

ஊர்ப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாயே, அண்ணன் சீர் எங்கே என்று தினமும் வம்பு. ஆறுமுகத்தாய் அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம், “ஏலே மந்திரம், தங்கச்சிய வெளிய தொரத்துத அண்ணனை இங்கனதான் பாக்கேன்” என்பாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து ஆரத்தித் தட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றானாம். கம்பத்தை மேலே விடவில்லை. ஆனால் பழம் வைத்தான். இப்படிப்பட்டவனை நான் எந்தப் பக்கத்தில் நிறுத்த?

(இங்கே கடல் குறுக்கே வருகிறது, விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. சங்கு குளிக்க இன்னும் போகிறார்கள். கடலுக்கடியில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் இருந்து பிடிக்கிறவன் பெரும்பாலும் அவனுடைய மச்சானாக இருப்பான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் அவன் கவனம் சிதறாது.

செண்பகம் தங்கச்சி என்றால், சொரிமுத்துவுக்கு மந்திரமூர்த்தி மச்சான் ஆகிறான். கயிறும் அவன் கையில்தான் இருக்கிறது. இதை நான் திட்டமிடவில்லை. எழுதிக்கொண்டு வரும்போது இப்படி ஆகிவிட்டது.)

6

முடிவுகள்.

என் கணவர் சொன்னது: புதுத் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள். சொரிமுத்து கீழே வந்து வேலையில் சேரட்டும். இரண்டு பேரும் நம் தெருவிலேயே குடியிருக்கட்டும். எல்லாருக்கும் நல்லது.

எழுதிப் பார்த்தேன். “சொரிமுத்து காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு” இதற்கு மேல் பேனா நகரவில்லை. எல்லாருக்கும் என்பதில் ஈத்தம்பாறை இல்லை. அங்கே மூன்றாவது கூரையும் விழும். அந்த அதிகாரி எதற்காகக் காத்திருக்கிறாரோ அதை நானே செய்து கொடுப்பதாகும். ஊரை யாரும் விரட்டவில்லை; ஒரு கதாசிரியை காலி செய்தாள்.

இன்னொன்று: செண்பகம் ஒரு மாலை வெளியே வராமல் வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறாள். அல்லது மாட்டுப் பாதை வழியாகக் கம்பத்தைச் சுற்றி உள்ளே போய்விடுகிறாள். இதை அவளிடமே சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“ஒளிஞ்சு போக நான் என்ன சந்தனக்கட்டையாக்கா கடத்துதேன்? எம் புருசன் வீடு. எல்லாரும் பாக்க, வாசல் வழியாத்தான் போவேன்.”

அப்போதுதான் அவள் தீர்மானித்திருப்பதைச் சொன்னாள். தங்கத்தாய்க்குக்கூட அது இன்னும் தெரியாது. இனிக் காலையில் போகப்போவதில்லை. எல்லா விருந்தாளிகளும் வெளியே வரும் நேரத்தில் அவள் உள்ளே போகப்போகிறாள். பொழுது சாயும்போது, குத்துவிளக்கோடு. மாமியாரும் ஊர்ப் பெண்களும் அந்தப் பக்கம் ஆரத்தித் தட்டோடு வந்து நிற்பார்கள். ஒரு நாள் கம்பம் எழும்பாவிட்டால் மறுநாள். அதுவரை அந்த வீட்டில் அவள் விளக்கு ஏறாது.

பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்று கேட்டேன். சொரிமுத்துவையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டால்?

“அனுப்புவாவன்னு பயந்தா, நாங்களே எறங்கிப் போன மாதிரிதான.”

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். “கதைய முடிச்சிராதீயக்கா. முடிச்சா, சரி முடிஞ்சு போச்சுன்னு மூடி வச்சிருவாவ.”

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். நான் உள்ளே போய், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். வெளியே வந்து பார்த்தபோது அவள் தெருமுனை திரும்பியிருந்தாள். சிவப்புத் தண்ணீரை என் வாசலில் நானே ஊற்றிவிட்டு உள்ளே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

7

எனவே முடிக்கவில்லை. நிறுத்தி வைக்கிறேன், இந்த இடத்தில்:

பொழுது சாய்கிறது. காட்டுக்குள் போயிருந்த கடைசி ஆளும் வெளியே வந்துவிட்டான். கம்பத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள், தட்டில் சூடம் ஏற்றியாகிவிட்டது. சொரிமுத்து அவர்களுக்குப் பின்னால் நிற்கிறான். இந்த நேரத்தில் அவள் பக்கம் ஒரு அடி வைத்தாலும் வெளியே குடிபோனவன் என்று எழுதிவிடுவார்கள் என்பதால் வைக்கவில்லை. இந்தப் பக்கம் செண்பகம். விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருக்கிறாள், ஏற்றவில்லை. நடுவில் மந்திரமூர்த்தி.

நான் அவனைப் பேச வைக்கப் பார்க்கிறேன். அவன் என் பேனாவைப் பார்த்துத் தலையாட்டி மறுக்கிறான். “உத்தரவு மேல இருந்து வருது. இத எந் தலையில கட்டாதீய” என்கிறான். அவன் சொல்வதும் சரிதான்.

மேலே யார்? அதிகாரியா? அவரும் தனக்காகக் காட்டை மூடவில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறதாம்: இந்தப் பூங்கா நம் எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் என்றால் எனக்கும் உங்களுக்கும். காடு காடாக இருக்கட்டும் என்று நானும்தான் சொல்கிறேன், மழை வேண்டாமா, நீங்களும் சொல்வீர்கள். அந்த நல்ல வார்த்தைதான் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு பெண்ணின் குறுக்கே கம்பமாக நிற்கிறது. காடு நமக்குச் சொந்தமென்றால் கயிறும் நமக்குச் சொந்தம்.

என் கையில் இருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். அதனால்தான் என் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நான் விட்டால் அது கதை.

மந்திரமூர்த்தி கயிற்றை உங்களிடம் நீட்டுகிறான். வாங்கிக்கொள்ளுங்கள். கனமாகத்தான் இருக்கும், மறு முனையில் பாறாங்கல். கடலில் என்றால் எந்த நிலையிலும் கயிற்றை விடக் கூடாது.

இங்கே, விட்டால் போதும்.

சூடம் கரைந்துகொண்டிருக்கிறது. அவள் வலது காலைத் தூக்கிவிட்டாள்