தலையாய தானம்

மனிதனுக்கு மனிதன் செய்யும் தானங்களிலேயே தலையாய ஒன்றைத் தான் செய்யப்போவதாகத் தலைமையாசிரியர் பள்ளி மைதானத்தில் மைக் பிடித்து அறிவித்தார். என்ன தானம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மலம்.

தம்பி மகளுக்குப் பத்து வயது. பெருங்குடலில் ஆறாத புண், இரண்டு வருடமாக ரத்தப்போக்கு. மாத்திரைகள் கைவிரித்துவிட்டன. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி அவள் குடலுக்குள் செலுத்திப் பார்க்கலாம், அதிலுள்ள நல்ல கிருமிகள் குடியேறினால் புண் ஆற வாய்ப்புண்டு என்றார் டாக்டர். குடும்பத்தையே பரிசோதித்ததில் தேறியவர் பெரியப்பா ஒருவர்தான். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

குறித்த நாளில் மூடி போட்ட டப்பாவோடு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போனார். போனவர் போனவர்தான்.

நர்ஸ் கதவைத் தட்டினாள். "சார், பாப்பா குடலைச் சுத்தம் பண்ணி ரெடியா வச்சிருக்கோம். இன்னைக்கு விட்டா அவளுக்கு மறுபடியும் முதல்லேர்ந்து அந்தக் கஷ்டம்."

"முயற்சி நடக்குதும்மா."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

உள்ளிருந்து ஆண்டுவிழாக் குரல் வந்தது. "முந்தாநாள். குடுக்கற பொருள் சுத்தமா இருக்கணும்ல? வெறும் தண்ணிதான்."

"பட்டினி கிடக்கச் சொன்னது அவளை சார்! உங்களை இல்ல!"

தம்பி மனைவி கேன்டீனுக்கு ஓடினாள். ரொட்டி, வாழைப்பழம், சூடாகக் காப்பி. "சாப்பிடுங்க மாமா" என்றவளின் குரலில் மரியாதையும் கொலைவெறியும் சரிபாதி இருந்தன. காலி வயிற்றோடு சக்கர நாற்காலியிலிருந்த குழந்தை ஒவ்வொரு கவளத்தையும் கண்ணாலேயே மேற்பார்வை பார்த்தது. "நல்லா மென்னு தின்னுங்க பெரியப்பா. எனக்கு வரப்போறது."

திரும்பவும் உள்ளே உட்கார்ந்தார். வியர்த்தது. வீட்டில் அந்தக் குழந்தை கழிவறையில் வலியோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் "உள்ள என்ன பரீட்சையா எழுதுற?" என்று கதவை இடித்தவர் அவர்தான். இப்போது அதே கேள்வி வெளியிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்.

கதவில் ஒரு விரல் மெல்லத் தட்டியது.

"பெரியப்பா, அவசரமே இல்ல. முக்காதீங்க, அப்புறம் வலிக்கும். வேற எதையாவது நினைச்சுக்கோங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் எதையும் நினைக்கவில்லை. கண் மட்டும் கரித்தது. பிறகு வயிறு புரண்டது.

கதவு மெல்லிய பலகை. பூங்கொத்தோடு வந்து நின்ற இரண்டு ஆசிரியர்கள் உட்பட எல்லோருக்கும் கேட்டது.