மூன்று நிமிடம் இருபது விநாடி

ஒரே இசைத்தட்டு, ஒரே பாட்டு, இரண்டு சுருதி. இது எப்படி என்று தனபாலனுக்கு விளங்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் லாபிரின் ரேடியோ திருத்தும் கடையில் ஏப்ரல் மாதம் கேட்டபோது, இரண்டாம் பக்கத்து முதற்பாட்டு ‘ஏ’ சுரத்தில் தொடங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை குண்டசாலையில் பாலேந்திரன் வீட்டில் கேட்டபோது அதே பாட்டு ‘எஃப் ஷார்ப்’பில் தொடங்கியது. மூன்று அரைச்சுரம் கீழே. போதாததற்கு, நனைந்த சாக்கை இழுத்துக்கொண்டு நடப்பவனைப் போலப் பாட்டு மெதுவாக நடந்தது. பாடுகிறவனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பக்கத்துக் கதிரையில் பாலேந்திரன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. தனபாலனுக்கு மட்டும்தான் பட்டது. அதுதான் அவனுக்குப் பயம்.

பகலில் அவன் மாநகரசபையில் நீர்ப்பட்டியல் எழுதும் கிளாக்கர். சனிக்கிழமை மாலைகளில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கிட்டார் வாசிப்பவன். நோட்டுப் படிக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதுதான் அவனுடைய படிப்பு. பஸ் ஹோர்ன் அடித்தால் எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவான். தம்ளரில் கரண்டி பட்டாலும் சொல்லுவான். வாத்தியக்குழுவை நடத்திய திருச்செல்வம் அவனைச் சேர்த்துக்கொண்டதே அதற்காகத்தான். புதுப்பாட்டு எதுவானாலும் தனபாலன் இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்து, யார் யார் எதை வாசிக்கவேண்டும் என்று எழுதித் தந்துவிடுவான்.

அப்படித்தான் திங்கட்கிழமை ஒத்திகைக்கு அந்தப் பாட்டையும் எழுதிக்கொண்டு போனான், ஞாயிறு கேட்டபடியே. பாடிப் பார்த்த திருச்செல்வம் மூன்றாம் வரிக்கு வந்ததும் குரல் கீழே இறங்க இடமில்லாமல் நின்றுவிட்டார். இந்தப் பாட்டைத் தான் எப்போதோ ரேடியோவில் கேட்டதாகவும், இப்படிச் சவ ஊர்வலம்போல இருக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு கிட்டாரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

“தனபாலன், உமக்குக் காதில ஏதும் வருத்தமோ?”

அவன் இல்லை என்றான். சனிக்கிழமை நடனவிருந்து. புதன்கிழமைக்குள் பாட்டைச் சரியாகக் கொண்டுவராவிட்டால் கொழும்பிலிருந்து வேறொருவரைக் கூப்பிடப்போவதாகத் திருச்செல்வம் கோபமில்லாமல் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று தனபாலனுக்கு இருந்தது.

அவன் பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அவனுடைய அப்பா கறுப்பையா, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பார்த்தவர். கொழுந்து உருட்டும் ரோலர்களின் சத்தத்திலேயே இருபத்தெட்டு வருஷம் நின்றவர். ஒருநாள் மூன்றாம் ரோலர் மெதுவாக ஓடுகிறது, அதன் முனகல் இறங்கிவிட்டது என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மற்ற யாருக்கும் அப்படிக் கேட்கவில்லை. மேலாளர் ஒரு தடவை பொறுத்தார், மூன்று தடவை பொறுத்தார், நாலாம் தடவை வேலையிலிருந்து நிறுத்தினார். ஒன்றரை வருஷத்தில் கறுப்பையாவுக்குக் காது முற்றாகப் போய்விட்டது. கடைசி ஆறு வருஷமும் அவர் ஆட்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்து செத்தார்.

மெதுவாக ஓடுகிறது, சத்தம் இறங்கிவிட்டது. அதே இரண்டு குறி. அப்பாவுக்கும் முதலில் மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது, அந்த ஒரு ரோலரைத் தவிர.

செவ்வாய் காலை தனபாலன் இசைக்கவையை எடுத்துத் தட்டினான். இசைக்கவை என்பது இரண்டு கால் உள்ள இரும்புக் கரண்டி மாதிரி ஒன்று. எப்போது தட்டினாலும் ஒரே சுரத்தைத்தான் தரும், ‘ஏ’. அது ‘ஏ’யாகவே கேட்டது. அதிலும் அவனுக்கு ஆறுதல் வரவில்லை. இன்றைக்கு நல்ல நாள், ஞாயிறு கெட்ட நாள் என்றால்? அப்பாவுக்கும் நல்ல நாளும் கெட்ட நாளும் இருந்தன. மனைவி புஷ்பம் குசினியிலிருந்து தேத்தண்ணி ஆறுகிறது என்று சொன்னாள். “என்னங்க, ரெண்டு தடவை கூப்பிட்டேன்” என்று அவள் வாசலுக்கு வந்து நின்றாள். முதல் தடவை அவனுக்குக் கேட்கவே இல்லை.

அன்று மாலை லாபிரின் கடைக்குப் போனான். பாலேந்திரன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து சண்டையைத் தொடங்கியிருந்தார்.

சண்டை பழையது, அந்தத் தட்டைப் பற்றியதுதான். அறுபத்தேழில் ஓர் ஆங்கிலக் குழு போட்ட நீண்ட தட்டு. அட்டையில் ஆளில்லாத ரயில் மேடையும் விரித்துவைத்த ஒரு குடையும் இருந்ததால் மூவரும் அதைக் குடைத்தட்டு என்றே சொல்லுவார்கள். லாபிரின் மச்சான் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. இறக்குமதி நின்றுபோன அந்த எழுபத்திரண்டில் இன்னொரு பிரதி கிடைக்க வழியில்லை. அதனால் அது முறைவைத்துக் கைமாறியது. இப்போது பாலேந்திரனின் முறை.

பாலேந்திரன் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர், யாழ்ப்பாணத்துக்காரர். அரைமில்லிமீற்றர் தவறினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைகிற மனிதர். அவருடைய வாதம், உலகத்தில் இதைவிடக் கனமான தட்டு வரவில்லை என்பது. சாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் பாடினது, அவசரமே இல்லாத பாட்டு, ஒவ்வொரு டிரம் அடியும் பெட்டிக்கு ஆணி அடிக்கிற மாதிரி என்றார். லாபிர் சிரித்தார். ரயிலடியில் பெட்டையைப் பார்த்துத் துள்ளுகிற பொடியன்களின் பாட்டு அது, முதற்பக்கம் பரவாயில்லை, இரண்டாம் பக்கம் வெறும் பஞ்சுமிட்டாய் என்றார்.

“பஞ்சுமிட்டாயோ? உமக்கு வால்வைத் தவிர ஒண்டும் விளங்காது” என்றார் பாலேந்திரன். “அந்தக் குரலைக் கேட்டனீரோ? ஐம்பது வயசைத் தாண்டின குரல் அது.”

“ஐம்பதா? மீசை முளைக்காத பொடியன் அது, மாஸ்டர். மூக்கால பாடுறான்.”

மூலையில் நின்ற தனபாலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்கு ஒன்று பட்டது. ஒரு பாட்டு நல்லதா கெட்டதா என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளலாம். பாடுகிறவனுக்கு இருபது வயதா ஐம்பதா என்று அடித்துக்கொள்ள முடியுமா? இரண்டு வருஷமாக லாபிர் அந்தத் தட்டைத் தன் கடையில்தான் கேட்டிருக்கிறார். பாலேந்திரன் ஜூனிலிருந்து தன் வீட்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

“லாபிர் நானா,” என்றான், அண்ணன் முறை வைத்து. “நீங்க சொல்றதும் சரி. சார் சொல்றதும் சரி. நான் ரெண்டையும் கேட்டிருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னான்: ஒத்திகையை, திருச்செல்வம் கேட்டதை, அப்பாவின் ரோலரை. சொல்லி முடித்தபோது கடையில் யாரும் பகிடி விடவில்லை. லாபிர் ஈயம் பற்றவைக்கும் கோலை அணைத்து வைத்தார்.

“காத விடுங்க தம்பி” என்றார். “காதுக்குச் சாட்சி இல்ல. மணிக்கூட்டுக்கு ஈக்கி, எல்லாரும் பாக்கலாம்.”

கடையைப் பூட்டிவிட்டு லாபிரின் பழைய ஒஸ்டின் காரில் மூவரும் குண்டசாலைக்குப் போனார்கள். லாபிர் அந்த வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஞாயிறும் கடையைத் திறந்துவைத்திருக்கும் மனிதர். பாலேந்திரனின் இசைப்பெட்டியோ பஸ்ஸில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோக முடியாத சாமான். அரை அலுமாரி அளவு. பேராதனையில் படிப்பித்துவிட்டு நாடு திரும்பிய அமெரிக்கர் ஒருவரிடம் ஜூன் மாதம் வாங்கியது. அமெரிக்க மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட், நம்முடையது இருநூற்று முப்பது. அப்படியே சொருகினால் பெட்டி கருகிவிடும் என்பது கண்டியில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பாலேந்திரன் ‘நூற்றுப்பத்து’ என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். லாபிர் அந்த வோல்ட்டுக்குக் குறைத்துத் தரும் மின்மாற்றி ஒன்றைக் கையாலேயே சுற்றிக் கொடுத்தார். நல்ல வேலை. பெட்டி அன்றிலிருந்து ஒழுங்காகப் பாடியது.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு எதிரேயும் அதன் நீளம் அச்சிட்டிருந்தது. இரண்டாம் பக்கம், முதற்பாட்டு: மூன்று நிமிடம் இருபது விநாடி. பாலேந்திரன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். லாபிர் ஊசியை இறக்கினார். முதல் சுரம் எழுந்ததும் பாலேந்திரன் விரலால் மேசையைத் தட்டினார்.

எஃப் ஷார்ப். தனபாலனுக்கு இன்றும் அதே எஃப் ஷார்ப்தான் கேட்டது. அவன் விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று இருபதில் பாட்டு முடிந்துவிட்டால் பெட்டியில் பிழையில்லை. பிழை அவன் தலைக்குள். பிறகு புதன்கிழமை திருச்செல்வத்திடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், அல்லது இரண்டு. புஷ்பத்தின் வாயைப் பார்க்கப் பழகவேண்டும்.

ஒரு நிமிடம். இரண்டு. இரண்டாவது நிமிடத்தில் கிட்டார் தனியாக வரும் இடம் வரவில்லை. அது கொஞ்சம் பிந்தி வந்தது. பிந்தினதா, தனக்குத்தான் பிந்தினதுபோல இருக்கிறதா? தன் காதை நம்பாமல் முள்ளை மட்டும் நம்பவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்று நிமிடம். மூன்று பத்து. பாடுகிறவன் மூச்சு இழுத்தான். மூன்று இருபது.

பாட்டு முடியவில்லை. கடைசிச் சரணத்தின் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தது. முள் இருபதைத் தாண்டி முப்பதுக்குப் போனது, நாற்பதுக்குப் போனது. பாலேந்திரன் மணிக்கூட்டைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மேசையில் வைத்தார். கடைசி டிரம் அடி விழுந்தபோது சரியாக நான்கு நிமிடம்.

தனபாலன் பிடித்துக்கொண்டிருந்த கதிரைச் சட்டத்தை விட்டான்.

“நாலு. தாளில மூண்டு இருபது” என்றார் பாலேந்திரன். “அப்ப அச்சடிச்சவன் பிழை விட்டிருக்கிறான்.”

லாபிர் தட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியைச் சரித்து, அடியில் இருந்த சிறு தகட்டில் டோர்ச் அடித்தார். நூற்றுப்பத்து வோல்ட். அதற்குக் கீழே, தூசியைத் துடைத்ததும், இன்னொரு வரி: அறுபது சைக்கிள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் விநாடிக்கு ஐம்பது ஆட்டம், அமெரிக்காவில் அறுபது. இரண்டு பேர் கயிற்றைச் சுழற்ற நடுவில் ஒரு பிள்ளை குதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பலமாக அடிப்பதும் மெல்ல அடிப்பதும் வோல்ட். எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்பது சைக்கிள். பிள்ளை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் குதிக்கும், பலத்தைப் பார்த்தல்ல. இசைப்பெட்டியின் மோட்டாரும் அந்தப் பிள்ளை மாதிரித்தான். மின்மாற்றி பலத்தைக் குறைத்துத் தரும். எண்ணிக்கையை அதனால் தொட முடியாது. ஆகவே அறுபதுக்குச் செய்த மோட்டார் ஐம்பதுக்குச் சுற்றியது. ஆறு பங்கு ஓடவேண்டிய இடத்தில் ஐந்து பங்கு ஓடியது. இருநூறு விநாடிப் பாட்டு இருநூற்று நாற்பது விநாடி ஆனது, சுரம் மூன்று படி இறங்கியது, இருபது வயதுப் பையன் ஐம்பதைத் தாண்டினான்.

“வோல்ட்ட மட்டும் கேட்டேன் மாஸ்டர். சைக்கிளக் கேக்கல்ல” என்றார் லாபிர். “என்ட பிழை.”

பாலேந்திரன் தட்டின் தாளை மறுபடி பார்த்தார். ஜூன் மாதத்திலிருந்து அவர் நேசித்த தட்டு அந்தக் குழு பாடின தட்டே இல்லை என்று அவருக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. கடைசியில் நாடியை நிமிர்த்தினார்.

“அப்ப அவங்களிலதான் பிழை, கெதியாப் பாடிப்போட்டாங்கள். மெதுவாப் பாடியிருக்க வேணும்.”

தனபாலன் சிரித்தான். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவன் மனம் ஹுன்னஸ்கிரியப் பக்கம் போய்விட்டது. அந்த வருஷம் அப்பாவின் காதை மூன்று வைத்தியர்கள் பார்த்தார்கள். மூன்றாம் ரோலர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று ஒருவராவது கடிகாரத்தை வைத்து எண்ணினார்களா? அதை அவனால் இனி அறிய முடியாது. ரோலர் பழையதாகி எப்போதோ கழற்றி விற்கப்பட்டுவிட்டது.

எண்ணிக்கையை மாற்ற முடியாவிட்டால் எதை மாற்றலாம் என்று லாபிர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார். சுழல்மேடையைத் தூக்கி வைத்தார். கீழே மோட்டாரின் தண்டு சிறு சக்கரம் போன்ற ஒரு ரப்பர் சில்லை உரசிச் சுழற்றுகிறது. அந்தச் சில்லு மேடையின் உள்விளிம்பை உரசிச் சுழற்றுகிறது. தண்டு தடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் சில்லைக் கூடுதல் தூரம் தள்ளும். எவ்வளவு தடிக்கவேண்டும்? ஐந்தில் ஒரு பங்கு. அளந்து பார்த்ததில் தண்டு சரியாக ஐந்து மில்லிமீற்றர். பையிலிருந்து உடைந்த ரேடியோ ஏரியல் ஒன்றை எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மெல்லிய பித்தளைக் குழாய்கள். அவற்றுள் தண்டில் இறுக நுழையக்கூடிய ஒன்றையும் அதன் மேல் இறுக நுழையக்கூடிய இன்னொன்றையும் தேர்ந்து, சிறு வாளால் விரல்நக அகலத்துக்கு அறுத்தார்.

“அரக்கு வைச்சு ஒட்டிப்போடாதீர்” என்றார் பாலேந்திரன் அவசரமாக. “எனக்கு வேணுமெண்டால் கழற்றக்கூடிய மாதிரி இருக்கட்டும்.”

லாபிர் ஒட்டவில்லை. முதல் வளையத்தைத் தண்டில் இறுக்கிச் செருகினார், அதன் மேல் இரண்டாவதை. மறுபடி அளந்தார்: ஆறு மில்லிமீற்றர். மேடையை வைத்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கினார். பாட்டு ‘ஏ’யில் தொடங்கியது, மூன்று நிமிடம் இருபது விநாடியில் முடிந்தது.