மூன்று மாத சீரம்

திருப்பதிக் கடையொன்றில் முகச் சுருக்கத்துக்குத் தடவும் பெப்டைட் சீரம் விற்கும் தேவசேனாவுக்கு வயது முப்பத்தாறு. வாடிக்கையாளர்களிடம் வாய் கூசாமல் நாற்பத்தெட்டு என்பாள். "என் மூஞ்சியப் பாருங்க, வேற சாட்சி எதுக்கு?" சுருக்கம் லேசாகக் குறையலாம், சிலருக்கு அதுவும் தெரியாது என்று பயிற்சியில் கேட்டதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் முன்பு சீரம் வாங்கிப்போன மனோரமா நகரியிலிருந்து மறுபடி வந்தாள். நூலுக்குச் சாயம் போடுகிறவள்.

"புதுச் சாயம்னா நாங்க மொதல்ல ஒரு சிட்டம் நூல்லதான் போட்டுப் பாப்போம். அதான் இதயும் ஒரு கன்னத்துல மட்டும் தடவிக்கினு வந்தேன். எந்தக் கன்னம், சொல்லுங்க."

தேவசேனா உற்றுப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"வலது பக்கந்தான்! எப்படிப் பளபளக்குது பாருங்க."

மனோரமாவின் முகம் வாடியது. "அது தடவாத பக்கம்."

அவள் சண்டைக்கு வந்திருந்தால் தேவசேனா சமாளித்திருப்பாள். அவளோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் தோலுதான் சரியில்ல போல. எனக்கு நாப்பத்தாறுதான், உங்களவிட ரெண்டு வயசு கம்மி. நீங்க மட்டும் எப்படிக்கா இப்படி இருக்கிறீங்க?"

தேவசேனா குனிந்து, சுத்தமாயிருந்த மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.